தொலைந்த பேரேட்டில் என் பக்கம்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு சித்திரையில் நான் கொழும்பிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தேன். வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று போனவன், பதினொரு மாதம் கழித்து, யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரில் இருந்து வந்து வாய்க்கால் கரையில் இறங்கினேன். கையில் ஒரு பை மட்டும். வீட்டு வளவுக்குள் காஞ்சோன்றிச் செடி முழங்காலளவுக்கு நின்றது. வாசல் படலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதில் செருகியிருந்த கடிதம் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. உறையில் சங்கத்தின் முத்திரை. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று திறக்க முதலே எனக்குத் தெரியும்.

போவதற்கு முன் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தின் வங்கி ஒன்று இருந்தது. நாங்கள் சும்மா சங்கம் என்போம். அங்கே காலபோக நெல்லுக்கும் தண்ணீர் இறைப்பு மெசின் ஒன்றுக்கும் என்று பதினெண்ணாயிரம் ரூபா கடன் எடுத்தேன். நெல்லும் விதைக்கவில்லை, மெசினும் வாங்கவில்லை. அந்தக் காசையும் அம்மாவின் சங்கிலி விற்ற காசையும் கொழும்பில் ஓர் ஏஜென்டின் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை திகதி சொன்னான். மூன்றாம் தடவை நான் போனபோது அந்த அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகும் ஊருக்கு வர வெட்கத்தில் ஒரு லொட்ஜில் கோப்பை கழுவிக்கொண்டு பல மாதம் இருந்தேன்.

சங்கத்துக் கடனுக்கு இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். எனக்கு நின்றவர்களில் ஒருவர் அடுத்த வளவு அண்ணை. அவருடைய குடும்பமும் எங்களுடையதும் ஒரே வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேற்றக் காணி கிடைத்து வந்தவர்கள். படிவத்தை நீட்டியபோது அவர் வாசிக்கவே இல்லை.

"எங்க தம்பி வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நான் கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினேன்.

மற்றவன் என்னோடு படித்தவன். கிளிநொச்சிச் சந்தையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான். நான் தவணை கட்டாமல் போனதும் சங்கம் இரண்டு பேருடைய சேமிப்பையும் மறித்து வைத்தது. என் கடன் தீரும்வரை அவர்களுக்கும் கடன் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் காலபோகத்தில் அண்ணை தன் மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர்தான் விதைத்தார். மிச்சம் தரிசாகக் கிடந்தது. நான் திரும்பி வந்த அன்று வேலிக்கு மேலால் பார்த்தபோது புல் மண்டிய அந்த ஒன்றரை ஏக்கர்தான் முதலில் கண்ணில் பட்டது.

அண்ணை வரம்பில் நின்றார். என்னைக் கண்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபக்கம் நடந்து போனார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் கிளிநொச்சிக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரன் வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே என்னைப் பிடித்து ஏசினான். தாய் தகப்பனையும் இழுத்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னான். சொல்லி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சியோடா?" என்று கேட்டான். அடுத்த வருடம் அவன் கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய்விட்டான். போகும்வரை என்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தான். அவன் ஏசியதை நான் தாங்கிக்கொண்டேன். அண்ணை ஒரு சொல்லும் சொல்லாததைத்தான் எனக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சங்கத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'தவணை தவறியோர்' என்று தலைப்புப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. கீழே பிணைகாரர் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

அப்போது அங்கே மனேச்சராக இருந்தவர் ஒரு பெண். நாற்பது வயது தாண்டியிருக்கும். மெலிந்த உருவம், மெல்லிய குரல். நான் மடியில் முடிந்து வைத்திருந்த இருநூறு ரூபாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

"வட்டியோட இருபத்திமூவாயிரத்துச் சொச்சம் நிக்குது," என்றார்.

"இப்ப இவ்வளவுதான் இருக்கு, மிஸ்."

"வாற மாசமும் கொண்டு வருவீங்களோ?"

"ஓம்."

"எத்தினையாம் திகதி?"

நான் யோசிக்காமல், "பத்தாம் திகதி," என்றேன். அன்றைக்குப் பத்தாம் திகதி, அதனால் சொன்னேன்.

"அப்ப அப்பிடியே எழுதிறன். காசு குறைஞ்சாலும் பறவாயில்லை, நாள் பிசகக் கூடாது. நாளைக்கு ஆராவது இந்தப் பக்கத்தைத் திறந்தால் முதல்ல நாளைத்தான் பாப்பினம்."

அதிலிருந்து ஒவ்வொரு பத்தாம் திகதியும் போனேன். பத்தாம் திகதி ஞாயிறு என்றால் சனிக்கிழமையே போய்விடுவேன். விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் கொடுப்பேன். காணியில் ஒரு மூலையில் கௌபிப் பயறு போட்டேன். விதை நெல்லுக்கும் பசளைக்கும் வழியில்லாமல் மிச்சக் காணி சும்மா கிடந்தது.

அம்மா அப்போது அக்காவோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். தரைப்பாதை மூடியிருந்ததால் கடல் தாண்டிப் போக வேண்டும். போய் என்ன முகத்தைக் காட்டுவது என்று போகவில்லை. வீட்டில் நான் தனியே. காலையில் ஒரு சுண்டுச் சோறு வைத்தால் அது இரவுக்கும் காணும். ஊரில் ஒருவரும் என்னைத் துரத்தவில்லை, தள்ளி வைக்கவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுப் படலையடியில் நான் போய் நின்றால், வாய் திறக்க முதலே அவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மாட்டுக்குச் சுகமில்லை, மகளுக்குக் காய்ச்சல், கையில் ஐந்து சதம் இல்லை. ஒரு தடவை வாளி கிணற்றுக்குள் விழுந்ததால் பாதாளக்கரண்டி இரவல் கேட்கத்தான் போனேன். அந்த வீட்டு மனிசன் நெல் விலை விழுந்த கதையைச் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தேன். தடியில் கொக்கி கட்டி வாளியை எடுக்க ஒரு பகல் போயிற்று. அதற்குப் பிறகு நான் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. கோயில் திருவிழா நாட்களில் விறகுக்குக் காட்டுக்குப் போய்விடுவேன். கலியாண வீடுகளுக்கு யாராவது சொன்னாலும் போவதில்லை.

இப்படி இருந்ததில், சில மாதங்களில் சங்கத்தின் யன்னலடியில்தான் என் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடக் கேட்பேன். பற்றுச்சீட்டை எழுதி முடித்ததும் மனேச்சர் பெயரைச் சொல்லுவார். நான் போய் வாங்குவேன். "வெயில் கூட, என்ன?" என்பார். "ஓம் மிஸ்." சைக்கிளில் வரும் வழி முழுக்க அந்த இரண்டு சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம், சைக்கிள் ட்யூப் வெடித்ததைச் சொல்லியிருக்கலாம் என்று.

தொண்ணூற்று ஐந்து முடியும்போது யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து எங்கள் வன்னிக்குள் வந்தது. பள்ளிக்கூடங்கள், மரங்களடி, வாய்க்கால் ஓரம் எல்லாம் ஆட்கள். எல்லோருக்கும் குடியிருக்கக் கொட்டில் வேண்டும். நான் காட்டுத்தடி வெட்டி, கிடுகு வேய்ந்து கொட்டில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். அந்த மழைக்காலத்தில்தான் என் கையில் கொஞ்சம் காசு புழங்கியது. வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. பலகையில் இருந்த தாளை அவர்கள் வாசித்ததில்லை. தடி வெட்டுகிற தம்பி என்று மட்டும்தான் அவர்களுக்கு நான்.

அவர்களில் ஓர் ஆசிரியர், மனைவியோடும் இரண்டு மகள்களோடும் வந்திருந்தார். கொட்டில் வேய்ந்து முடிந்ததும் அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "தம்பி, கூலியைச் சம்பளம் வந்தாப் பிறகு தரலாமோ?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம். "ஆறுதலாத் தாங்கோ மாஸ்ரர்," என்றேன். என்னிடமும் ஒருவர் தவணை கேட்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இரண்டு மாதத்தில் அவரே தேடிவந்து தந்துவிட்டுப் போனார். அம்மாவும் அக்கா குடும்பமும் வருவார்கள் என்று அந்த நாட்களில் றோட்டில் போய் நின்று பார்த்தேன். அவர்கள் வரவில்லை. பிறகு வந்த கடிதத்தில் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள்.

தொண்ணூற்று ஆறில் கிளிநொச்சிச் சனமும் இடம்பெயர்ந்து எழும்பியது. செல்குண்டு விழத் தொடங்கி, ஆட்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். அந்த ஆவணி பத்தாம் திகதி நான் கட்டுவதற்குக் காசும் இல்லை, கட்டுவதற்கு இடமும் இல்லை. கொஞ்ச நாளில் தர்மபுரச் சந்தியில் ஒரு கதை வந்தது. சங்கத்தின் பேரேடுகள் ஒன்றும் எடுக்கவில்லையாம். கட்டடத்தோடு போய்விட்டதாம்.

"இனி ஆர் ஆருக்குக் கடன்?" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு ஆட்கள் அப்படிச் சிரித்ததைக் கேட்டேன். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது. பாதிக் கடனுக்கு மேல் இன்னும் இருந்தது. அது இல்லையென்றால் வருகிற காலபோகத்துக்கு விதைக்கலாம்.

வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டுகள் வைத்திருந்த பால்மா ரின்னைத் திறந்தேன். இருபத்தெட்டு. மாதம் ஒன்று. அவற்றை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பலகையில் இருந்த தாளை ஊர் முழுக்க வாசித்திருந்தது. இந்தத் துண்டுகளை என்னையும் மனேச்சரையும் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. பேரேடு போனால் நான் ஏமாற்றியவன் என்ற கதை மட்டும் மிஞ்சும். நான் கட்டி வந்தவன் என்பது எங்கேயும் இருக்காது.

இரண்டு மாதம் கழித்துச் சங்கம் தர்மபுரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் மீண்டும் திறந்தது. சேமிப்பு வைத்திருந்தவர்களைப் புத்தகத்தோடு வந்து பதியச் சொன்னார்கள். நான் பத்தாம் திகதி போனேன். மனேச்சர் பள்ளிக்கூட மேசை ஒன்றில் ஒரு சீஆர் கொப்பியை வைத்துக்கொண்டு இருந்தார். முகம் கறுத்து, இன்னும் மெலிந்து போயிருந்தார்.

"உங்களை வரச் சொல்லேல்லையே," என்றார். "சேமிப்புக்காரரைத்தான் வரச் சொன்னது."

"தெரியும் மிஸ். என்ர கடனைப் பதிய வந்தனான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இஞ்ச பாருங்கோ. என்னட்ட ஒரு துண்டும் இல்லை. நீங்கள் ஒண்டுமில்லை எண்டு சொன்னாலும் நான் ஒண்டும் செய்யேலாது."

"கடன் இல்லையெண்டால் நான் கட்டினதும் இல்லையெண்டு ஆகிப்போகும், மிஸ்."

அவர் என் கையிலிருந்த பற்றுச்சீட்டுக் கட்டைப் பார்த்தார். பிறகு கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து மேலே என் பெயரை எழுதினார். நான் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க, அவர் திகதியையும் தொகையையும் பதிந்துகொண்டு வந்தார். ஒரு துண்டில் மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை.

"இது எந்த மாசம்?"

"போன வருசம் கார்த்திகை."

"ஓ, அண்டைக்கு நல்ல மழை. நீங்கள் நனைஞ்சுபோய் வாசல்ல நிண்டனீங்கள். உள்ளுக்கு வாங்கோ எண்டும் வரேல்லை. முந்நூறு ரூபா. ஈரக்காசு, மேசையில விரிச்சுக் காயப் போட்டனான்." சொல்லிக்கொண்டே எழுதினார்.

துண்டில் இல்லாததை அவர் தன் நினைவிலிருந்து எழுதினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்ததை அவர் கண்டாரோ தெரியாது.

பிறகு பிணைகாரரைக் கேட்டார். அண்ணையின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். அண்ணையின் சேமிப்புப் புத்தகம் வட்டி போடுவதற்கென்று சங்கத்திலேயே இருந்ததாம். அதுவும் போய்விட்டது. அவருக்கு எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. பற்றுச்சீட்டுகளோடு கொண்டுபோயிருந்த, படலையில் கிடந்த அந்த மஞ்சள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் மறித்து வைத்த சேமிப்பு, இரண்டு பேருக்கும் தனித்தனியே, சதக்கணக்கோடு எழுதியிருந்தது.

"இதை ஏன் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். எறிய மனம் வரவில்லை என்பதைத் தவிர எனக்கும் காரணம் தெரியவில்லை.

ஒரு கிழமைக்குள் விசயம் ஊருக்குத் தெரிந்தது. நான் பதிந்ததைக் கேள்விப்பட்டு இன்னும் நாலைந்து பேர் தாமாகப் போய்ப் பதிந்தார்கள். அதைக் காட்டி, போகாதவர்களையும் வந்து பதியச் சொல்லிச் சங்கம் ஆள் அனுப்பத் தொடங்கியது. தேநீர்க் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேரே, "உனக்கு நல்ல பேர் வேணுமெண்டால் எங்களை ஏன்ராப்பா மாட்டிவிட்டனி?" என்று கேட்டார். முந்தி என்னைக் கண்டால் தங்கள் கஷ்டத்தைச் சொன்னவர்கள் இப்போது அதையும் சொல்லவில்லை. நான் உள்ளே போனால் கதை நின்றுவிடும். கொட்டில் வேலைக்கும் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். நான் அந்தக் கடைக்குப் போவதை விட்டேன்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் நிற்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குரல் கொடுத்தார்.

"தம்பி, சேமிப்புக் கணக்குச் சரியா வந்திட்டுதாம். மனேச்சர் சொன்னவா, நீர் குடுத்த கடிதத்தாலதான் எண்டு."

"ஓம் அக்கா."

"அவருக்குச் சந்தோசம்தான். ஆனா உம்மோட கதைக்க மாட்டார். அது வேற."

"பறவாயில்லை அக்கா," என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றதுபோல் இருந்தது. நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். திரும்பிப் பார்த்தபோது போய்விட்டார்.

மிச்சக் கடன் தீர மூன்று வருடம் ஆனது. தொண்ணூற்று ஒன்பது ஐப்பசியில் கடைசித் தவணையைக் கட்டினேன். கடன் முற்றாகத் தீர்ந்தது என்று மனேச்சர் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். அண்ணையின் சேமிப்பும் அன்றைக்கே விடுபட்டது. கடிதத்தைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தேன். அதைக் காட்ட ஆள் இல்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம் என்று பேப்பர் எடுத்தேன். ஆனால் சங்கிலியைப் பற்றியும் எழுத வேண்டுமே என்று எழுதாமல் விட்டேன்.

பெயர் சுத்தமாகிவிட்டது, இனிக் கடன் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை போனபோது மனேச்சர் படிவத்தைத் தந்து, "இரண்டு பேர் பிணை வேணும்," என்றார். நான் அந்தப் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். யாரைக் கேட்பது? ஐந்து வருடமாக நான் ஒருவர் வீட்டுப் படலையையும் திறந்ததில்லை. சைக்கிள் கடைக்காரன் வவுனியாவில். அடுத்த பத்தாம் திகதி படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. "அப்ப சேமிக்கத் தொடங்குங்கோ. சேமிப்பில இருக்கிற அளவுக்குப் பிணை இல்லாமல் தரலாம். இரண்டாயிரம் எடுங்கோ, கட்டுங்கோ. பிறகு மூவாயிரம். பக்கம் நிறையட்டும்." அப்படியே செய்தேன். விதை நெல்லுக்கு இரண்டாயிரம். அறுவடையில் கட்டினேன். பசளைக்கு மூவாயிரம். அதையும் கட்டினேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் மெசினுக்குக் கடன் கேட்கத் துணிந்தேன், உண்மையாகவே மெசினுக்கு. அந்த ஆசிரியர் இன்னும் அதே கொட்டிலில் இருந்தார். சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்திருந்தார். அவரிடம் போய் என் பழைய கதை முழுவதையும் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீர் என்னட்டக் கூலிக்கு ஆள் பிணை கேட்டனீரோ?" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

இன்னும் ஒருவர் வேண்டும். ஒரு பின்னேரம் அண்ணையின் படலையைத் திறந்துகொண்டு போனேன். அண்ணை முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அக்கா குசினிக்குள்ளிருந்து வந்தார். அவரும் தன் பெயரில் சங்க உறுப்பினர். நான் அவரிடம்தான் படிவத்தை நீட்டினேன்.

"இவ்வளவு காலமும் பக்கத்து வளவில இருந்துகொண்டு எட்டிப் பாக்கேல்லை," என்றார் அக்கா. "உமக்குப் பெருமை எண்டெல்லோ நாங்கள் நினைச்சது."

"பெருமை இல்லை அக்கா. பயம்."

அவர் படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு பேனை தேடினார். நான் பேனை கொண்டுபோகவில்லை. கதிரையடியில், மேசையில் என்று அவர் தேடிக்கொண்டிருக்க, அண்ணை மண்வெட்டியைப் பார்த்தபடியே, "பேனை அலுமாரிக்கு மேல கிடக்கு," என்றார். மனைவிக்குத்தான் சொன்னார்.

அக்கா கையெழுத்து வைத்துவிட்டு, "இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்," என்றார். நான், "இல்லை அக்கா, வேலை கிடக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்தபோது ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. கேட்கிற பழக்கம் போனதுபோல, தந்தால் வாங்குகிற பழக்கமும் போய்விட்டது.

மெசின் வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய மெசின், நல்ல நிலையில் இருந்தது. அந்தச் சிறுபோகத்தில் கச்சான் கடலை போட்டேன். நான்கு தவணை, நான்கும் நாள் பிசகாமல் கட்டினேன். கடைசித் தவணை கட்டப் போனபோது மனேச்சர் புதுக்குடியிருப்புக்கு மாறிப் போயிருந்தார். போய் வருகிறேன் என்று சொல்லக் கிடைக்கவில்லை. அவர் இருந்த மேசையில் ஓர் இளம்பெண் இருந்தார். என் பக்கத்தைப் பார்த்து, "உங்கட கணக்கில ஒரு குறையும் இல்லை அண்ணை," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை நான் மெசினை நிற்பாட்டிவிட்டு வரம்பில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி விட்டு முடிஞ்சுதோ?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அண்ணை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த வருடம் நாங்கள் இருவரும் கதைத்தது அவ்வளவுதான். நான் ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.